விழுங்காமல் படிக்கும் படிப்பு

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 21 வயது நிரம்பாதவருக்கு மது கிடையாது. அதே மாநிலத்தின் டேவிஸ் நகரப் பல்கலைக்கழகத்தில், பள்ளி முடித்த கையோடு வரும் பிள்ளைகள் திராட்சை வளர்ப்பும் ஒயின் தயாரிப்பும் பட்டப்படிப்பாகப் படிக்கிறார்கள். நாக்கில் படாமல் இதை எப்படிப் படிப்பது? 2014-இல் அந்த மாநிலச் சட்டமன்றம் ஒரு வழி கண்டது. 18 வயதான மாணவர் பாடத்துக்காக ஒயினை வாயில் வைத்துச் சுவைக்கலாம். ஆனால் விழுங்கக் கூடாது, துப்பிவிட வேண்டும்.

இந்தப் படிப்பைப் பற்றி விசாரிக்கும் நம் ஊர்ப் பெற்றோருக்கு இரண்டு கேள்விகள். பிள்ளை குடிக்கப் பழகிவிடுமா? வேலை கிடைக்குமா? முதல் கேள்விக்குப் பாதி விடை அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. மீதி விடை பாடத்திட்டத்தில். கரிம வேதியியல், நுண்ணுயிரியல், தாவர உடலியல், மண், புள்ளியியல் என்று ஒரு வரிசை. பன்னிரண்டாம் வகுப்பில் வேதியியலைக் கண்டு ஓடியவர் இங்கே ஒரு பருவம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டார்.

பெயரிலேயே இரண்டு பாதிகள் உள்ள படிப்பு இது. முதல் பாதி தோட்டம், இரண்டாம் பாதி கிடங்கு.

தோட்டத்துப் பாதிக்கு ஒரு மாதிரி காட்டுகிறேன். 1944-இல் டேவிஸ் பேராசிரியர்கள் ஆல்பர்ட் விங்க்ளரும் மேனார்ட் அமெரினும் கலிபோர்னியாவை ஐந்து வெப்ப மண்டலங்களாகப் பிரித்தார்கள். கணக்கு எளிது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை ஒவ்வொரு நாளின் சராசரி வெப்பத்திலிருந்து 10 டிகிரி செல்சியசைக் கழிக்க வேண்டும். மிச்சத்தையெல்லாம் கூட்டினால், எந்த ஊரில் எந்த ரகம் நன்றாகப் பழுக்கும் என்பதற்கு ஒரு அடையாளம் கிடைக்கும். நம் கம்பம் பள்ளத்தாக்கை இந்தக் கணக்கில் போட்டால் ஐந்தாம் மண்டலத்தையும் தாண்டிவிடும். அங்கே கொடி குளிர்காலத்தில் உறங்குவதே இல்லை. கவாத்துக் கத்திதான் அதற்குப் பருவம் சொல்கிறது. இப்படித் தன் ஊரைக் கணக்குப் போட்டுப் பார்க்கத் தெரிவதே முதல் பாதியின் பயன்.

இரண்டாம் பாதியில் கண்ணாடிக் கோப்பையும் மெழுகுவர்த்தியும் இருக்கும் என்று நினைப்பவருக்கு ஏமாற்றம் நிச்சயம். அறுவடை நாளில் மாணவர் கையில் இருப்பது ரப்பர் குழாய். தொட்டியைக் கழுவு, குழாயைக் கழுவு, தரையைக் கழுவு. நடுவே ஒவ்வொரு தொட்டியின் அடர்த்தியும் வெப்பமும் அளந்து பலகையில் எழுத வேண்டும். சாற்றில் 24 விழுக்காடு சர்க்கரை இருந்தால், ஈஸ்ட் அதைத் தின்று முடிக்கும்போது ஏறக்குறைய 13 விழுக்காடு ஆல்கஹால் வரும். தொட்டியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் வந்தால் ஈஸ்ட்டுக்கு நைட்ரஜன் போதவில்லை என்று பெரும்பாலும் பொருள். மூக்கு சொன்னதை வேதியியலால் சரிபார்த்து, அன்றைக்கே கவனிக்க வேண்டும்.

உயிருக்கு ஆபத்தும் உண்டு. ஒரு லிட்டர் சாறு நொதித்து முடிவதற்குள் ஐம்பது லிட்டருக்கு மேல் கரியமில வாயு வெளியேறும். காற்றைவிடக் கனமான அந்த வாயு தொட்டிக்குள்ளும் பள்ளத்திலும் தேங்கும். பாழடைந்த கிணற்றுக்குள் யோசிக்காமல் இறங்கி மாண்டவர்கள் கதை நமக்குத் தெரியும். ஒயின் கிடங்கின் கதையும் அதுவேதான். அதனால் காலித் தொட்டிக்குள் எப்போது இறங்கக் கூடாது என்பதும் அங்கே கட்டாயப் பாடம்.

சரி, கல்லூரி சொன்னால் எல்லாம் சரியாக இருக்குமா? இல்லை. 1880-இல் கலிபோர்னியா சட்டமன்றம் தொடங்கிவைத்த கல்வி இது. முதலில் பெர்க்லியில் நடந்தது. 1920 முதல் 1933 வரை நாடு முழுதும் மதுவிலக்கு இருந்தபோது முடங்கி, பிறகு டேவிஸில் எழுந்தது. அவ்வளவு பெயர் பெற்ற இடம், ஏஎக்ஸ்ஆர்1 என்ற அடிச்செடியை விவசாயிகளுக்குப் பரிந்துரைத்தது. திராட்சையின் வேரைத் தின்னும் பைலாக்சரா என்ற பூச்சிக்குத் தப்ப, எதிர்ப்புள்ள அமெரிக்கக் கொடியின் வேரில் ஐரோப்பிய ரகத்தை ஒட்டுக்கட்டுவது பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்து வழக்கம். ஏஎக்ஸ்ஆர்1 சுலபமாக ஒட்டும், நிறையக் காய்க்கும். ஆனால் அதன் பெற்றோரில் ஒன்று எதிர்ப்பில்லாத ஐரோப்பியக் கொடி. ஐரோப்பாவில் அது தோற்றுப்போன செய்தியும் தெரிந்ததுதான். 1980களில் பூச்சி அந்த வேரைத் தாக்கியது. கலிபோர்னியாவின் நாபாவிலும் சொனோமாவிலும் ஆயிரக்கணக்கான ஏக்கர் கொடிகளைப் பிடுங்கி, கோடிக்கணக்கான டாலர் செலவில் மறுபடி நட்டார்கள். விளைச்சலைப் பார்த்து எதிர்ப்பை மறந்ததற்கு விலை கொடுத்தவர் விவசாயி. எந்தப் பேராசிரியர் சொன்னாலும் ஆதாரம் கேள் என்று மாணவனுக்குச் சொல்ல இதைவிட நல்ல பாடம் கிடையாது.

இரண்டாவது கேள்வி, வேலை. பட்டம் இல்லாமல் யாரும் ஒயின் செய்ததில்லையா? 1976-இல் பாரிஸில், பெயர் மறைத்து நடந்த சுவைப் போட்டியில் பிரெஞ்சு ஒயின்களைக் கலிபோர்னியா ஒயின்கள் வென்றன. சிவப்பில் முதலிடம் வந்ததைச் செய்தவர் வாரன் வினியார்ஸ்கி. சிகாகோ பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டிருந்தவர், அதை விட்டுவிட்டுக் கிடங்கில் கூலியாளாகச் சேர்ந்து தொழில் கற்றார். வெள்ளையில் வென்றதைச் செய்த மைக் கிர்கிச், குரோவேஷியாவின் சாக்ரெப் பல்கலைக்கழகத்தில் இதையே படித்தவர். ஆக, இரண்டு வழியும் திறந்துதான் இருக்கின்றன. ஆனால் இன்று நிறுவனங்களில் ஆய்வகத்துக்கோ தோட்ட மேலாண்மைக்கோ ஆள் எடுக்கும்போது பட்டம் உள்ளவருக்கு வழி சுலபம்.

தொடக்கம் எல்லோருக்கும் கீழ்ப்படியிலிருந்துதான். அறுவடை ஆண்டுக்கு ஒன்று. முப்பது ஆண்டு உழைத்தாலும் முப்பது முறைதான் கைபழகும். அதனால் இளம் பட்டதாரிகள் செப்டம்பர், அக்டோபரில் கலிபோர்னியாவிலோ பிரான்சிலோ வேலை செய்துவிட்டு, பிப்ரவரி, மார்ச்சில் ஆஸ்திரேலியாவுக்கோ சிலிக்கோ போவார்கள். ஆண்டுக்கு இரண்டு அறுவடை கணக்கில் சேரும். பல மணி நேர வேலை, தற்காலிகக் கூலி. சொந்தத் தோட்டம், சொந்தப் பெயரில் புட்டி என்பதெல்லாம் பெரும் முதல் உள்ளவர்களுக்கு. இந்தியாவில் என்றால் நாசிக்கும் பெங்களூரு அருகே நந்தி மலைப் பகுதியும் இருக்கின்றன. இடங்கள் குறைவு.

இவ்வளவு சொன்ன பிறகும் இந்தப் படிப்பை நான் சிபாரிசு செய்வேன், அதுவும் முதல் பாதிக்காக. 1880களில் பிரான்சின் மெடாக் பகுதியில், சாலையோரக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறிக்காமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்துவைத்திருந்தார்கள். போர்டோ பல்கலைக்கழகத் தாவரவியல் பேராசிரியர் மில்லார்டே கண்ணில் அது பட்டது. அந்தக் கொடிகளில் மட்டும் அடிச்சாம்பல் நோய் இல்லை. சோதித்துப் பார்த்து 1885-இல் வெளியிட்டார். அதுதான் நம் விவசாயிகள் இன்றும் கலக்கும் போர்டோ கலவை. ஒரு கிலோ மயில்துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். ஒயினுக்காக நடந்த ஆராய்ச்சி, ஒயினையே பார்த்திராத விவசாயியின் பயிரையும் காப்பாற்றியது.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. மஸ்கட் ஹாம்பர்க் என்ற ஐரோப்பிய ரகம் அது. ஆண்டு முழுதும் அங்கே ஏதாவதொரு பந்தலில் பழம் பறிக்கிறார்கள். எந்த அடிச்செடி, எந்த மருந்து, எப்போது கவாத்து என்று கேட்கும் அந்த விவசாயிக்கு, ஒயின் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கொடியைப் படித்த ஆள் வேண்டும்.

எனவே இந்தப் படிப்புக்கு ஆசைப்படும் தம்பி, தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். நேராக வெளிநாட்டுக்கு விண்ணப்பம் போடாதீர்கள். இங்கே தோட்டக்கலையில் இளங்கலை முடியுங்கள். விடுமுறையில் கம்பம் பக்கம் ஒரு பந்தலின் கீழ், ஒரு கவாத்திலிருந்து ஒரு அறுவடை வரை கூட இருந்து வேலை பாருங்கள். கழுத்து வலித்த பிறகும் ஆசை மிஞ்சியிருந்தால், அப்போது கடன் வாங்கலாம்.