மலையூர்ப் பாதைகளும் ஒரு பகலின் கணக்கும்

தென் ஸ்பெயினின் கிரனாடா, அல்மேரியா மாகாணங்களில், சியர்ரா நெவாடா மலைத்தொடரின் தெற்குச் சரிவில் அமைந்துள்ள மலைநாட்டுக்கு அல்புஹார்ரா என்று பெயர். ஐபீரியத் தீபகற்பத்திலேயே மிக உயரமான, ஏறத்தாழ 3,480 மீட்டர் உயரமுள்ள முலாசேன் சிகரம் வடக்கே நிற்க, அதன் அடிவாரச் சரிவுகளில் பம்பனேய்ரா, புபியோன், கபிலேய்ரா, ட்ரெவேலெஸ் முதலிய வெள்ளைச் சுவர் ஊர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. ஓர் ஊரிலிருந்து பார்த்தால் அடுத்த ஊர் கைக்கெட்டும் தொலைவில் தெரியும். இடையே ஒரு பள்ளத்தாக்கு இறங்கி ஏறுவது நடக்கத் தொடங்கிய பிறகே தெரியவரும். ஆகவே இந்நாட்டில் காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பும் நடைப்பயணத்தைத் திட்டமிடுபவர், பாதை எவ்வளவு நீளம் என்று கேட்பதற்கு முன்னால், அது யாருக்காக, எதற்காக உண்டாக்கப்பட்டது என்று கேட்பதே சரியான தொடக்கமாகும்.

இப்பகுதியின் பழம்பாதைகளை அவற்றின் பயனைக் கொண்டு மூன்றாகப் பிரித்துப் பார்க்கலாம். முதலாவது வாய்க்கால் பாதை. அரபு மொழி பேசிய முஸ்லிம் உழவர்கள் இடைக்காலத்தில் இச்சரிவுகளைப் படிவயல்களாகத் திருத்தி, உருகும் பனிநீரை அவற்றுக்குக் கொண்டுவர வெட்டிய வாய்க்கால்கள் 'அசேக்கியா' எனப்படுகின்றன. அவற்றுள் ஒரு வகை, நீரை நேரே வயலுக்குக் கொண்டுசெல்லாமல், மலையின் மேற்பகுதியிலேயே பாறை வெடிப்புகளிலும் மண்ணிலும் ஊறவிட்டு, வாரங்களோ மாதங்களோ கழித்துக் கீழே ஊற்றாக வெளிப்படச் செய்கிறது. கோடையில் ஊற்றுகள் வற்றாதிருப்பதற்கு இந்த ஏற்பாடு பெருந்துணை. இவ்வாய்க்கால்கள் மிக மெல்லிய சரிவில் மலையைச் சுற்றிச் செல்வதால், அவற்றைப் பராமரிப்போர் நடந்து உருவான கரைப்பாதையும் பெரும்பாலும் சமமாகவும் ஓரளவு நிழலோடும் இருக்கும். முதல் நாள் நடைக்கும், வயதானவர்களோடும் குழந்தைகளோடும் செல்வதற்கும் இதுவே ஏற்றது. எனினும் பராமரிப்பு நின்றுபோன வாய்க்காலின் கரை ஆங்காங்கே இடிந்திருக்கக்கூடும் என்பதையும் திட்டத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, ஊரையும் ஊரையும் இணைத்த கோவேறு கழுதைப் பாதை. மோட்டார் சாலைகள் வருவதற்கு முன் தானியமும் எண்ணெயும் கஷ்கொட்டையும் இப்பாதைகளின் வழியாகவே சென்றன. சுமை விலங்கு ஏறுவதற்காகச் செங்குத்தான சரிவுகளில் அவை வளைந்து வளைந்து ஏறுகின்றன, சில இடங்களில் கல் பாவப்பட்டும் இருக்கின்றன. பித்ரெஸ், ஃபெரெய்ரோலா, ஃபொந்தாலெஸ் உள்ளிட்ட ஏழு சிற்றூர்கள் சேர்ந்த லா தாஹா என்னும் நகராட்சிப் பகுதியில் இத்தகைய பாதைகள் நெருக்கமாகப் பின்னிக் கிடப்பதால், களைத்தவர் பாதியில் ஓர் ஊரில் நிறுத்திக்கொள்ளவும், வலிமையுள்ளவர் இன்னோர் ஊரைச் சேர்த்துக்கொள்ளவும் இயலும். மூன்றாவது, கோடை மேய்ச்சலுக்கு மந்தைகளை உயரத்துக்கு ஓட்டிச் சென்ற பாதை. இது ஊர்களைத் தொடாமல், நிழலற்ற சரிவுகளில் நெடுந்தூரம் ஏறுவது. பழக்கமும் தெளிந்த வானிலையும் உள்ள நாளுக்கே உரியது.

பாதையின் தன்மை தெரிந்தபின் நேரக் கணக்கு வருகிறது. ஸ்பெயினின் மலையேற்ற அமைப்புகள் 'மிதே' என்ற மதிப்பீட்டு முறையைப் பயன்படுத்துகின்றன. அது சூழலின் கடுமை, வழி கண்டறிவதன் சிக்கல், கால்வைப்பின் கடினம், தேவைப்படும் உழைப்பு ஆகிய நான்குக்கும் தனித்தனியே 1 முதல் 5 வரை எண் தருகிறது. அம்முறையில் நேரம் கணக்கிடும் வழி எளியது: நல்ல பாதையில் மணிக்கு 4 கிலோமீட்டர் என்று தூரத்துக்கு ஒரு நேரமும், மணிக்கு 400 மீட்டர் ஏற்றம் அல்லது 600 மீட்டர் இறக்கம் என்று உயரத்துக்கு ஒரு நேரமும் கண்டு, இரண்டில் பெரியதோடு சிறியதில் பாதியைக் கூட்ட வேண்டும். 4 கிலோமீட்டர் தூரமும் 400 மீட்டர் ஏற்றமும் உள்ள வழிக்கு இவ்வாறு ஒன்றரை மணி நேரம் ஆகும். பம்பனேய்ராவுக்கும் கபிலேய்ராவுக்கும் இடையிலான உயர வேறுபாடு மட்டுமே ஏறத்தாழ இந்த 400 மீட்டர் அளவுக்கு வருகிறது. இக்கணக்கில் ஓய்வும் உணவும் நின்று பார்ப்பதும் சேரா என்பதால், ஆறு மணி நேர நடைக்கு எட்டு மணி நேரப் பகலை ஒதுக்குவதே நிதானம்.

அந்தப் பகல் எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பதும் அறிய வேண்டியது. ஸ்பெயின் தன் புவியமைப்புக்குப் பொருந்துவதைவிடக் கிழக்கே உள்ள நாடுகளின் நேரத்தைப் பின்பற்றுவதால், கிரனாடா மாகாணத்தில் டிசம்பர் மாதச் சூரியன் காலை எட்டு மணிக்குப் பிறகே எழுந்து, மாலை ஆறு மணியளவில் மறைகிறது. ஆழமான பள்ளத்தாக்குகளில் நிழல் அதற்கும் முன்னதாகவே வந்துவிடும். ஜூனிலோ இருட்டப் பத்து மணி நெருங்கும். ஆனால் நண்பகலுக்குப் பிந்தைய வெயில் தாங்கற்கரியது என்பதால், விடியலில் புறப்பட்டுப் பிற்பகல் ஒரு மணிக்குள் முடித்துக்கொள்வதே நல்லது. ஏப்ரல் முதல் ஜூன் தொடக்கம் வரை வாய்க்கால்களில் நீரும் சரிவுகளில் பூவும் நிறைந்திருக்கும். அக்டோபரும் நவம்பரும் கஷ்கொட்டை உதிரும் காலம். குளிர்காலத்தில் ஊர்களைச் சுற்றியுள்ள தாழ்ந்த பாதைகள் பெரும்பாலும் திறந்தே இருந்தாலும், உயரத்தில் பனி உறைந்து கிடப்பதால், அங்கே செல்வதற்குத் தனிக் கருவியும் பயிற்சியும் தேவை.

வழி காட்டும் குறிகள் ஸ்பெயின் முழுவதும் ஒரே ஒழுங்கில் உள்ளன. வெள்ளையும் சிவப்புமான கோடுகள் நெடும்பாதையையும், வெள்ளையும் மஞ்சளும் ஓரிரு நாளில் முடியும் குறும்பாதையையும், வெள்ளையும் பச்சையும் பத்து கிலோமீட்டருக்குட்பட்ட உள்ளூர்ப் பாதையையும் குறிக்கின்றன. அதே நிறங்களில் பெருக்கல் குறி இருந்தால் அது தவறான திசை. ஐரோப்பிய நெடும்பாதைகளுள் ஒன்றான ஈ-4இன் பகுதியாகிய ஜிஆர்-7 இவ்வூர்களின் வழியாகவே செல்வதால், அதன் ஒரு துண்டை மட்டும் பகல் நடையாக எடுத்துக்கொள்ளலாம். வண்ணக் குறிகள் மங்கியோ மறைந்தோ போகலாம் என்பதால், ஸ்பெயினின் தேசியப் புவியியல் நிறுவனம் 1:25,000 அளவில் வெளியிடும் வரைபடமும் கையில் இருக்க வேண்டும். அதில் ஒரு சென்டிமீட்டர் 250 மீட்டரைக் குறிக்கும், உயரக்கோடுகள் பத்து மீட்டருக்கு ஒன்றாக அமைந்திருக்கும். பள்ளத்தாக்குகளில் கைபேசித் தொடர்பு அறுந்துபோகக்கூடும். எனவே மின்வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைப்பதும், செல்லும் வழியைத் தங்கும் விடுதியில் சொல்லிவிட்டுப் போவதும், 112 என்னும் அவசர எண்ணை நினைவில் கொள்வதும் கட்டாயம்.

ஊர்களின் நாளொழுங்கும் திட்டத்தின் ஓர் உறுப்பே. சிற்றூர்க் கடைகள் பிற்பகல் இரண்டு மணியளவில் மூடி, ஐந்து மணிக்குப் பிறகே திறப்பது வழக்கம். உணவகங்களில் மதிய உணவு இரண்டு மணியை ஒட்டியே தொடங்கும், வாரத்தில் ஒரு நாள் விடுமுறையும் இருக்கும். ஆகவே ரொட்டியையும் பாலாடைக்கட்டியையும் பழத்தையும் காலையிலேயே வாங்கிக்கொள்வது பாதுகாப்பானது. பேருந்துகள் நாளொன்றுக்குச் சில முறையே வருவதால், பேருந்தில் முதலில் தொலைவூருக்குச் சென்று அங்கிருந்து தங்குமிடத்துக்கு நடந்து திரும்புவது, கடைசிப் பேருந்தைப் பிடிக்க மலையில் ஓடும் நிலையைத் தவிர்க்கும். ஊர்தோறும் குடிநீர் ஊற்றுகள் உண்டு. பொர்த்துகோஸ் ஊரின் இரும்புச் சத்துள்ள ஊற்று புகழ்பெற்றது. ஆனால் 'நோ பொத்தாப்லே' என்ற பலகை உள்ள இடத்தில் நீர் குடிக்கத்தக்கதன்று. நெடும்பாதையில் ஊற்றுகளை மட்டும் நம்பாமல் நீர் சுமந்து செல்ல வேண்டும்.

இவ்வளவு கவனமும் நடப்பவரின் வசதிக்கு மட்டுமானதன்று. 1568இல் எழுந்த மொரிஸ்கோக்களின், அதாவது கிறித்தவத்துக்கு மாற்றப்பட்ட முஸ்லிம்களின், கிளர்ச்சி 1571இல் ஒடுக்கப்பட்டு, அவர்கள் இம்மண்ணிலிருந்து அகற்றப்பட்ட பின்னும், வந்து குடியேறியவர்கள் அதே வாய்க்கால்களையும் பாதைகளையும் காத்து வந்தமையாலேயே இவ்வூர்கள் பிழைத்தன. இருபதாம் நூற்றாண்டில் இளைஞர்கள் நகரங்களுக்குப் பெயர்ந்தபோது பல வாய்க்கால்கள் தூர்ந்தன. 2014இல் கான்யார் ஊரின் பார்ஹாஸ் வாய்க்காலைக் கிரனாடா பல்கலைக்கழக ஆய்வாளர்களும் தன்னார்வலர்களும் ஊராரும் சேர்ந்து தூர்வாரி, மீண்டும் நீர் ஓடச் செய்தனர். கைவிடப்பட்டதை உழைப்பால் மீட்க முடியும் என்பதற்கு அது சான்று.

ஆகவே அல்புஹார்ராவுக்குச் செல்பவர் திறந்த படலை மீண்டும் சாத்திவிட்டுச் செல்க, மதகைத் தொடாதிருக்க, மந்தையைக் காக்கும் நாயைக் கண்டால் விலகி நடக்க, இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும் காட்டுப்பன்றி வேட்டை அறிவிக்கப்பட்ட நாளில் வேறு வழியைத் தேர்க. ஒரே நாளில் வந்து திரும்பாமல், ஓர் இரவாவது ஊரில் தங்கி, ஊர்க் கடையிலேயே பொருள் வாங்குக. பாதையைக் காப்பவர்கள் ஊரில் இருந்தால்தான் பாதையும் இருக்கும்; நடைப்பயணி செலவிடும் பணம் அவர்கள் அங்கேயே இருப்பதற்கு உதவும் வழிகளுள் ஒன்று.