வரமும் பங்கும்

நாடு பிறந்த கதையைத் திரையிலே காட்டப் புகுவோர் பலர், கோயில் மணியோசையோடுதான் தொடங்குகின்றனர். அடிமை இருள், அழுகுரல், ஆண்டவன் சந்நிதி, அங்கே ஓர் ஒளி, அவ்வொளியிலே பிறக்கிறது நாடு! கொட்டகை அதிரக் கைதட்டுகின்றனர் மக்கள். நாடகம் எழுதிப் பழகியவன் நான். கைதட்டல் எந்த இடத்திலே விழும் என்பதை அறியாதவனல்லன். எனினும் தோழர்களே, கேட்கிறேன்: வரமாகக் கிடைத்தது நாடு என்றால், வரம் கேட்டவனுக்கு மட்டுந்தானே அது சொந்தம்? வேறு வாயிலிலே நின்று வேறு பெயர் சொல்லி வணங்கியவன் கதி என்ன? வணங்கவே வணங்காதவன் கதி என்ன?

பக்தியைத் திரையேற்றியதே குற்றம் என்று கூற வரவில்லை. பம்பாயிலே ஏசுநாதர் வரலாற்றைப் படமாகக் கண்ட பால்கே, நம் தெய்வங்களும் திரையிலே தோன்ற வேண்டாமா என்று துடித்தார். அந்தத் துடிப்பிலே சுதேசி ஆர்வம் கலந்திருந்தது. 1913இல் 'ராஜா அரிச்சந்திரா' பிறந்தது. 1921இல் வந்த 'பக்த விதுர்' படத்திலோ, விதுரர் காந்தியார் கோலத்திலே நடமாடினார்! கண்டுகொண்ட வெள்ளை ஆட்சி, சென்னையிலே படத்தைத் தடுத்தது. அன்று பக்தி ஒரு போர்வை. உள்ளே விடுதலை வேட்கை. வெள்ளையன் போனபின், போர்வையையே உடலென்று காட்டுகின்றனரே, அதைத்தான் ஏற்க இயலவில்லை.

தூத்துக்குடிக்கு வாருங்கள். பனிமய மாதாவைத் தொழும் பரதவரும், கீழக்கரை, காயல்பட்டினத்து முஸ்லிம்களும் ஒரே கடலிலே முத்துக்குளித்த கரை அது. கல்லிலே காலூன்றிக் கடலடிக்கு இறங்கியவனின் உயிர், தோணியிலே கயிறு பிடித்தவன் கையில் இருந்தது. நீ எந்த ஆலயத்தான் என்று அடியிலிருந்து கேட்க மூச்சு ஏது?

அந்தக் கரைக்காகத்தான் 1906 அக்டோபர் 16இல் சுதேசிக் கப்பல் கம்பெனி பதிவாயிற்று. (கயத்தாற்றிலே கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டதும் ஓர் அக்டோபர் 16தான், ஆண்டு 1799.) மூலதனம் 10 லட்சம் ரூபாய். பங்குகள் 40,000, பங்கு ஒன்று 25 ரூபாய். சிதம்பரனார் சைவ நெறியிலே ஊறியவர். பின்னாளில் சிவஞான போதத்துக்கு உரை கண்டவர். அவர் நாத்திகரல்லர், நம்பிக்கையற்றவருமல்லர். ஆயினும் கப்பல் வேண்டும் என்று வந்தபோது, அவர் வரம் கேட்கவில்லை; பங்கு கேட்டார். ஹாஜி முகமது பக்கீர் சேட் 8,000 பங்குகளை வாங்கினார். 2 லட்சம் ரூபாய்! சைவர் கேட்டார், ஹாஜியார் கொடுத்தார், கொழும்புக்குக் கப்பல் ஓடிற்று. வெள்ளைக் கம்பெனி கலங்கிற்று. 1908இல் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம். அதே ஆண்டில் சிதம்பரனாருக்குச் சிறை.

1961இல் பந்துலு இதைப் படமாக்கினார்: 'கப்பலோட்டிய தமிழன்'. சிதம்பரனாராகச் சிவாஜி கணேசன் செக்கிழுத்தார். வசூலிலே கப்பல் கரை சேரவில்லை. 1965இல் அதே சிவாஜி, சிவபெருமானாகத் 'திருவிளையாடல்' புரிந்தார், வெள்ளிவிழா! நடிகர் ஒருவர்தான். செக்கிழுத்தவரைக் காண ஆளில்லை. நெற்றிக்கண்ணைக் காண நெரிசல். காரணம் எனக்குத் தெரிவது இதுதான்: தெய்வம், கொட்டகையில் அமர்ந்தவனிடம் கைகூப்பினாற் போதும் என்கிறது. சிதம்பரனார் கதையோ, "உன் பங்கு எங்கே?" என்று கேட்டுத் தொலைக்கிறது.

1912 டிசம்பரிலே கண்ணனூர்ச் சிறைவாயில் திறந்தது. வரவேற்கப் பெருங்கூட்டம் இல்லை. அவர் வெளியே வருமுன்பே கம்பெனி கலைந்தது. கப்பல் போட்டியாளர் கைக்கே போய்ச் சேர்ந்தது. இந்தக் காட்சியை எந்தத் தெய்வத்தைத் தோன்றச் செய்து முடிப்பார்கள், படமெடுப்போர்?