மூன்று மெட்ச் பார்த்துத் தீர்ப்புச் சொல்லும் ஆக்களுக்கு



ஞாயிறு இரவு பத்தரைக்குப் பிறகு நம்ம ஊர்ப் பொடியன்மார் சிலர் போனில் அமெரிக்க உதைபந்தாட்டம் பார்ப்பது எனக்குத் தெரியும். நானும் அதில் ஒருவன்தான். மெட்ச் முடிய முன்னமே குறூப்பில் தீர்ப்பு வந்து விழும்: "இந்தப் புதுக் குவாட்டர்பெக் சரிவர மாட்டான், ஆளை மாத்தணும்." அவன் வந்து மூன்று மெட்ச்தான் ஆகியிருக்கும். வயது இருபத்திரண்டு.

கருத்துச் சொல்லுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கருத்து வேறு, தீர்ப்பு வேறு.

2018ஐ எடுங்கள். அந்த வருடம் கழகங்கள் புது வீரர்களைத் தெரிவு செய்தபோது முதற் சுற்றில் 5 குவாட்டர்பெக்குகள் போனார்கள். லமார் ஜெக்சன் 32ஆவது, அந்தச் சுற்றின் கடைசி ஆள். இவர் பந்து எறிவதை விட்டுவிட்டுப் பந்து பிடிக்கும் இடத்துக்கு மாற வேண்டும் என்று அனுபவமுள்ள ஒரு முன்னாள் நிருவாகியே பகிரங்கமாகச் சொன்னார். அடுத்த வருடமே லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதை எடுத்தார் ஜெக்சன்.

7ஆவதாகப் போனவர் ஜோஷ் அலன். முதல் வருடம் அவர் எறிந்த பந்துகளில் நூற்றுக்கு 53கூடச் சரியாகப் போய்ச் சேரவில்லை. "கை பலம், மூளை இல்லை" என்று எழுதியவர்களில் நானும் ஒருவன். மூன்றாவது வருடம் அது 69ஐத் தாண்டியது. அந்த மூன்று வருடமும் தாக்குதல் ஆட்டத்துக்கு ஒரே பயிற்றுநர். மூன்றாவது வருடம் நல்ல பந்து பிடிப்பாளர் ஒருவரும் வந்து சேர்ந்தார்.

10ஆவதாகப் போன ஜோஷ் ரோசனுக்கு நடந்தது வேறு. முதல் வருடம் முடிவதற்குள் தாக்குதல் பயிற்றுநரை நீக்கினார்கள், முடிந்ததும் தலைமைப் பயிற்றுநரையும் நீக்கினார்கள். அடுத்த வருடம் அவரையே வேறு கழகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பிறகும் எழும்பவில்லை. நல்ல இடம் கிடைத்திருந்தால் எழும்பியிருப்பார் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். எழும்பியிருக்க மாட்டார் என்று நீங்களும் சத்தியம் பண்ண ஏலாது.

"அப்ப நாங்க வாயே திறக்கக் கூடாதா சேர்?" என்று கேட்பீர்கள். திறங்கள். ஆனால் முதலில் ஒன்றை ஒத்துக்கொள்ளுங்கள்: தூரத்தில் ஓடும் ஆட்களை நமது திரை அநேகமாகக் காட்டுவதில்லை. பயிற்றுநர் சொன்ன திட்டம் என்னவென்றும் நமக்குத் தெரியாது. தெரிவதைப் பாருங்கள். போன மாதம் செய்த பிழையை இந்த மாதமும் செய்கிறானா? பந்தைப் பறிகொடுத்த பிறகு அடுத்த முறை பயந்து எறிகிறானா? அவனைக் காக்கும் வரிசை மூன்று செக்கனாவது தாங்குகிறதா? இரண்டு வருடம் பார்த்தும் மாற்றமே இல்லையென்றால் அப்போது சொல்லுங்கள், நானும் சேர்ந்து சொல்கிறேன்.

இது விளையாட்டுப் பேச்சுத்தானே என்று விட்டுவிட எனக்கு முடியவில்லை. இதே வாயால்தான் ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பெறுபேறு வந்த அன்று பத்து வயதுப் பிள்ளையைப் பார்த்து "இது படிக்காது" என்கிறோம். நானே ஒரு பிள்ளையைப் பற்றி ஆசிரியர் அறையில் அப்படிச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பிள்ளை இப்போது என் வகுப்பில் கணிதத்தில் முன்னுக்கு நிற்கிறது. ஜோஷ் அலனுக்கு நான் எழுதியது கேட்டிருக்காது. அந்தப் பிள்ளைக்குக் கேட்டது.