நன்கொடை ரசீதும் வருமான வரியும்

தர்ம ஸ்தாபனத்திற்குப் பத்தாயிரம் ரூபாய் கொடுத்தால் அத்தொகை முழுவதும் வருமான வரியில் திரும்பிவிடும் என்றொரு பேச்சு நம் அங்கத்தினர்களிடையே உலவுகிறது. வசூலுக்கு வருவோர் சிலரும் அவ்வாறே சொல்லுகின்றனர். இது சரியன்று.

1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் 80ஜி பிரிவால் வழங்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் அமலாகும் புதுச் சட்டத்திலும் தொடரும் இச்சலுகை, வரியில் கழிப்பதன்று. வரிக்குரிய வருமானத்தில் கழிப்பதாகும். பெரும்பாலான ஸ்தாபனங்களுக்குக் கொடுத்ததில் பாதியே கழியும். அதற்கும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு என்ற வரம்புண்டு. பிரதமர், முதலமைச்சர் நிவாரண நிதிகள் போன்ற சிலவற்றிற்கே முழுத்தொகையும் கழியும். ஆகவே, பத்தாயிரம் கொடுத்தவருக்குக் கழிவு ஐயாயிரம். அவர் 20 சதவீத வரி செலுத்துபவராயின், மேல்வரி சேர்த்து மிச்சமாவது 1,040 ரூபாயே. எஞ்சிய 8,960 ரூபாயும் அவர்தம் கைப்பொருள்.

அதுவும் பழைய வரிமுறையைத் தேர்ந்துகொண்டவர்க்குத்தான். 2023 ஏப்ரல் முதல், வேறு கேளாதார் அனைவரும் புதிய முறையிலேயே சேர்க்கப்படுகின்றனர்; அதில் நன்கொடைக் கழிவு இல்லை. விவசாய வருமானத்திற்கு வரி கிடையாதாகையால், மஞ்சளையும் தென்னையையும் மட்டுமே நம்பி வாழும் அங்கத்தினருக்கு இந்த ரசீதால் ஒரு காசும் மிச்சமில்லை. மத்திய அரசின் அறிவிக்கையில் இடம்பெறாத ஊர்க்கோயிலின் கும்பாபிஷேகத் திருப்பணிக்குக் கொடுத்ததும், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்ததும் கழிவில் சேரா.

நெசவாளர் அனாதை இல்லத்திற்கு அளிக்கும் போர்வையும், விவசாயி அன்னதானத்திற்கு அனுப்பும் அரிசி மூட்டையும் அவ்வாறே கணக்கில் வாரா. பணமாகக் கொடுத்தால்தான் கழிவு. இதனை அநீதி என்பாருண்டு. யாம் அவ்வாறு கருதவில்லை. போர்வைக்கு மதிப்புப் போடுபவர் யார்? பணத்திற்கே பொய் ரசீது எழுதும் காலமிது. பொய்க் கழிவுகளுக்காக 2025 ஜூலையில் வருமான வரி இலாகா நாடெங்கும் சோதனை நடத்தியதை அங்கத்தினர்கள் அறிவர்.

எமது குறை வேறு. கழிவு கிட்டாதவரிடமும் கிட்டும் என்று ஆசை காட்டி வசூலிப்பது கொடுப்பவரை ஏமாற்றுவதாகும். பீளமேட்டில் பி.எஸ்.ஜி. சகோதரர் நால்வர் 1926இல் குடும்பச் சொத்தை ஐந்தாகப் பகுத்து ஒரு பங்கைத் தர்மத்திற்கு ஒதுக்கியபோது, வரிக்கழிவு என்ற பேச்சே இல்லை. நம்மவர் கொடுப்பதற்கு ஆசை வார்த்தை வேண்டியதில்லை.

ஆகவே, சங்கக் கட்டிடத்தில் வசூல் நோட்டு வைப்பதற்கு முன், அந்த ஸ்தாபனத்தின் 80ஜி அங்கீகாரத்தை நிர்வாகக் குழு கேட்டுப் பார்க்கட்டும். கழிவு கோர விரும்பும் அங்கத்தினர் வங்கி வழியே செலுத்தி, வெறும் ரசீதோடு நில்லாமல், ஸ்தாபனம் வரி இலாகாவிற்குக் கணக்குக் காட்டிய பின் வழங்கும் சான்றிதழையும் கேட்டுப் பெறுவாராக.