பார்க்க ஒன்றுமில்லாத கடல்

சில ஆண்டுகளாக நம் இதழ்களில் ஒரே கட்டுரையைத் திரும்பத் திரும்ப வாசித்து வருகிறோம். எழுதுபவர் மாறுகிறார், தீவு மாறுகிறது, கட்டுரை மட்டும் மாறுவதில்லை. அந்தமான், லட்சத்தீவு, நிலாவெளிக்கு எதிரேயுள்ள புறாத்தீவு என எங்கோ ஓரிடத்தில் எழுத்தாளர் முகத்தில் கண்ணாடியும் வாயில் ஸ்நார்கெல் குழாயுமாகக் குப்புற மிதக்கிறார். பவளப்பாறைகள் 'வண்ணங்களின் நடனம்' ஆகின்றன. மீன்கள் பெயரின்றி, நீலமாகவும் மஞ்சளாகவும் மட்டுமே நீந்துகின்றன. கடைசிப் பத்தியில் 'மௌனம்' என்ற சொல் தவறாமல் வந்துவிடுகிறது. கரையேறிய எழுத்தாளர் கடலை அறிந்துவிட்டதாக நமக்கு அறிவிக்கிறார்.

இதை நாங்கள் மறுக்கிறோம். அவர் கண்டது கடலை அல்ல, கடலின் காட்சிக்கூடத்தை.

சென்ற பங்குனியில் நாங்கள் நால்வர் புதுக்கோட்டை மாவட்டத்தின் ஜெகதாப்பட்டினத்துக்குச் சென்றிருந்தோம். படகுத் துறையில் வலை பிரித்துக்கொண்டிருந்த முதியவரிடம், நீருக்குள் கண்ணாடி போட்டு இறங்கினால் என்ன தெரியும் என்று கேட்டோம். "பாக்க என்ன இருக்கு தம்பி, சேறும் புல்லுந்தான்" என்றார். ஒரு கடலை எழுதாமல் விடுவதற்கு நாம் வைத்திருக்கும் காரணமும் அதுதான் என்பது திரும்பி வரும் வழியில்தான் எங்களுக்கு உறைத்தது.

பாக் விரிகுடா ஆழமற்றது. பெரும்பகுதி 15 மீட்டருக்கும் குறைவு. நீர் பெரும்பாலும் கலங்கலாக இருக்கும். ஆனால் அந்த முதியவர் சொன்ன புல், பாசியன்று. வேரும் தண்டும் உடைய, நீருக்கடியிலேயே பூத்துக் காய்க்கும் தாவரம். இறாலும் நண்டும் குஞ்சுப் பருவத்தைக் கழிப்பது அதனுள்தான். கரையோரச் சேற்றை இறுகப் பிடித்து வைத்திருப்பதும் அதன் வேர்களே. அந்தப் புல்லை மட்டுமே நம்பி வாழும் விலங்கு ஆவுளியா என்னும் கடற்பசு. அது மீனன்று, பாலூட்டி; யானைக்கு உறவு. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரேயொரு கன்றை ஈனும். 2022 செப்டம்பரில் தமிழக அரசு அதற்காக வட பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைக் காப்பகமாக அறிவித்தது. இந்தியாவின் முதல் கடற்பசுக் காப்பகம் அது. அதிராம்பட்டினத்தில் தொடங்கி அம்மாபட்டினம் வரை நீளும் அந்த எல்லைக்குச் சற்றுத் தெற்கே இருக்கிறது ஜெகதாப்பட்டினம்.

இதைப் பற்றி நம் இதழ்களில் எத்தனை பக்கங்கள் வாசித்திருக்கிறீர்கள்?

கண்ணால் கண்டால்தானே அன்பு பிறக்கும், அன்பு பிறந்தால்தானே காப்பாற்றுவோம் என்று நண்பர்கள் வாதிடுவர். நல்ல வாதம்தான், ஆனால் வரலாறு அதற்குத் துணை நிற்கவில்லை. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகள் உண்டு. 1986இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அதன் பின்னும் பல ஆண்டுகள் அந்தப் பாறைகள் சுண்ணாம்புக்காக வெட்டி எடுக்கப்பட்டன. 2001இல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த பிறகே அது ஒடுங்கியது. அதைத் தடுத்தது சட்டமே அன்றி நம் வியப்பல்ல. 2024 சனவரியில் பிரதமர் லட்சத்தீவில் ஸ்நார்கெலுடன் நீந்திய படங்கள் நாடெங்கும் பரவின. அதே ஆண்டு மே மாதத்தில், தொடர்ந்த கடல் வெப்பத்தால் அங்கே பவளங்கள் பெருமளவில் வெளுத்திருப்பதாக மத்தியக் கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனம் அறிவித்தது. பவளத்துக்கு நிறமும் உணவும் தருவது அதனுள் வாழும் நுண்பாசி. வெப்பம் மிகும்போது பவளம் அதை வெளியேற்றிவிட்டு வெளுக்கிறது. வெப்பம் தணியாவிட்டால் பட்டினியால் சாகிறது. அறியாதவர் கண்ணுக்கு அந்த வெண்மையும் அழகாகவே தெரியும். அழகை மட்டும் நம்பும் கண், சாவையும் ரசித்துவிட்டுக் கரையேறும்.

இன்னொரு புறம், ஜெகதாப்பட்டினத்தின் பெயர் செய்தித்தாளில் வருவதே இலங்கைக் கடற்படை மீனவர்களைக் கைது செய்யும்போதுதான். அப்போது நம் எழுத்தாளர்களிடமிருந்து ஆவேசமான கவிதைகள் வருகின்றன. கைதானவர்களின் வீட்டுத் துயரம் உண்மையானது, அதை நாங்கள் சிறுமைப்படுத்தவில்லை. ஆனால் அந்தக் கவிதைகளிலும் கடலின் தரை இல்லை. விசைப்படகின் இழுவைமடி கடல்தரையை அரித்துக்கொண்டு போகிறது. புல்லும் வேரோடு வருகிறது. விலைபோகாத குஞ்சு மீன்கள் 'கழிசல்' என்று கோழித்தீவனத்துக்குப் போகின்றன. கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது என்கிறது 1983ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம். மடி இழுப்பதை 2017இல் இலங்கை முற்றாகத் தடை செய்தது. அந்தப் பக்கம் வலையை இழப்பவர்களும் தமிழ் பேசும் மீனவர்களே. இந்தப் பக்கம் கடனில் கட்டிய படகைக் கரையில் நிறுத்திவைக்க வழியில்லாதவர்கள். வில்லன் ஒருவனை நிறுத்திவைத்தால் எளிதாக முடிந்துவிடும் கதையல்ல இது. ஆகவேதான் இதை எழுத இலக்கியம் வேண்டும் என்கிறோம்.

நமக்குக் கடல் எழுத்து இல்லாமல் இல்லை. வண்ணநிலவனின் 'கடல்புரத்தில்', தோப்பில் முகமது மீரானின் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை', ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு' ஆகியவை நம் அலமாரியில் இருக்கின்றன. அவை தென்கரையின் கதைகள். அவற்றில் கடல் காட்சியாக நிற்பதில்லை; வேலையாகவும் கடனாகவும் சாவாகவும் நிற்கிறது. ஒரு தீவும் இரண்டு நாள் விடுப்பும் கிடைத்தவுடன் அந்தப் பாடத்தை எப்படி மறந்தோம்? நெய்தலை ஒரு திணையாக வகுத்து, நிலத்தையும் தொழிலையும் உணவையும் விலங்கையும் சேர்த்தே பார்க்கச் சொன்ன மரபு நம்முடையது. அந்த மரபினர் இன்று 'நீல மீன்' என்று எழுதிவிட்டு மேலே செல்வதை விடக் கூச்சம் தருவது வேறில்லை.

ஸ்நார்கெல் போடாதீர்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. போய்ப் பாருங்கள், மகிழுங்கள். ஆனால் அதைக் கடலறிவு என்று எங்களிடம் விற்காதீர்கள். மறுப்புள்ளவர்கள் மறுக்கட்டும். அதற்கு முன் ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஜெகதாப்பட்டினத்தில் இறங்கி, விடியற்காலை ஏலத்தின்போது ஓரமாக நின்று, கூடைக்குள் இருக்கும் ஒவ்வொன்றின் பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். கழிசலில் கிடப்பவற்றின் பெயர்களையும் சேர்த்து.