மானியம் வந்த பிறகும் நிற்கும் பாக்கி

கல்வி உதவித்தொகை பற்றிய பேச்சு ஒதுக்கீட்டில் தொடங்கி ஒதுக்கீட்டிலேயே முடிந்துவிடுகிறது. எத்தனை கோடி, எத்தனை பேருக்கு என்று கேட்கிறோம். எல்லாம் வரவு வைத்த பிறகு மாணவர் கணக்கில் எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. அமெரிக்காவின் கறுப்பினக் கல்லூரிகளில் ஒரு மாணவர் தேர்வெழுதுவாரா, பெட்டியைக் கட்டுவாரா என்பதை முடிவு செய்வது பெரும்பாலும் அந்தப் பாக்கிதான்.

1964-க்கு முன் கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட இக்கல்லூரிகள் இன்று நூறு அளவில் உள்ளன. அவற்றில் படிப்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெல் மானியம் பெறுபவர்கள். குடும்ப வருமானத்தைப் பார்த்து மத்திய அரசு தரும் இத்தொகையைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. மாணவர் சேரும் கல்லூரிக்கே அது போய்ச் சேரும். 1970-களின் நடுவில் நான்காண்டு அரசுக் கல்லூரியில் கட்டணம், விடுதி, சாப்பாடு சேர்ந்த செலவில் முக்கால் பங்குக்கு மேல் இந்த மானியமே ஈடுகட்டியது. 2024-25இல் அதன் உச்சவரம்பு 7,395 டாலர். அதே செலவில் அது மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை.

மிச்சத்துக்குப் பெற்றோர் பெயரில் அரசுக் கடன். 2011இல் கல்வித்துறை கடன் தகுதி விதியை இறுக்கியதும் ஏராளமான பெற்றோரின் விண்ணப்பங்கள் தள்ளுபடியாயின. இக்கல்லூரிகளில் சேர்க்கை சரிந்தது. பிறகு விதி தளர்ந்தது. இப்போது 2026 ஜூலை முதல் புதிதாகக் கடன் வாங்குவோருக்கு ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 20,000 டாலர், மொத்தம் 65,000 டாலர் என்று வரம்பு வருகிறது. கையில் ஒன்றுமில்லாத தாயை வரம்பில்லாத கடனில் தள்ளுவது எப்போதுமே அநியாயம்தான். ஆனால் கடனை வெட்டுகிறவர்கள் மானியத்தை ஏற்றாமல் விட்டால், சுமை மாணவரின் தலையில்தான் விழும்.

கணக்குப் பிரிவு மேசையில் நடப்பதைப் பாருங்கள். உச்சத்தொகை பெறுபவருக்குப் பருவத்துக்கு 3,697 டாலர் சொச்சம் வரவாகிறது. மீதி கட்டாவிட்டால் அடுத்த பருவப் பதிவுக்குத் தடை. நடுவில் வெளியேறினால் நிலைமை இன்னும் மோசம். பருவத்தில் 60 விழுக்காடு கடப்பதற்குள் நின்றுவிட்டால், மீதிக் காலத்துக்கான மானியத்தை அரசுக்குத் திருப்ப வேண்டும். கல்லூரி தன் பங்கைத் திருப்பிவிட்டு அதே தொகையை மாணவர் பெயரில் பற்று எழுதுகிறது. பட்டமும் இல்லை, மானியமும் இல்லை. கடன் மட்டும் இருக்கிறது.

2021இல் கொரோனா நிவாரண நிதி வந்தபோது கறுப்பினக் கல்லூரிகளில் ஒன்றான தென் கரோலினா அரசுப் பல்கலைக்கழகம் 2,500-க்கும் மேற்பட்ட மாணவர்களின் 98 லட்சம் டாலர் நிலுவையைத் தள்ளுபடி செய்தது. தலைக்கு நாலாயிரம் டாலருக்கும் குறைவு. இவ்வளவு சிறிய தொகை ஒரு பட்டத்தை மறிக்க முடியும் என்பதை வேறெந்த ஆய்வும் இவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்காது.

கல்லூரியே அதைக் கட்டிவிடக் கூடாதா என்று கேட்கலாம். அதற்குப் பணம் வேண்டுமே. 1890 மாரில் சட்டத்தின்கீழ் வந்த கறுப்பின வேளாண் பல்கலைக்கழகங்களுக்கு மாநிலங்கள் தர வேண்டிய பங்கைத் தராமல், முப்பது ஆண்டுகளில் 1,200 கோடி டாலருக்கு மேல் குறைத்திருக்கின்றன என்று கல்வி, வேளாண் அமைச்சர்கள் 2023 செப்டம்பரில் 16 ஆளுநர்களுக்குக் கடிதம் எழுதினார்கள். டென்னசி அரசுப் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் சுமார் 210 கோடி. அவ்வளவு பணம் வந்திருந்தால் நாலாயிரம் டாலர் பாக்கிக்காக அங்கே எவரும் படிப்பை விட வேண்டியிருக்காது.

வேளாண் துறை 1992 முதல் இப்பல்கலைக்கழகங்களின் மாணவர்களுக்கு முழு உதவித்தொகை தருகிறது. 2025 பிப்ரவரியில் அத்திட்டம் திடீரென நிறுத்தப்பட்டு, எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களில் மீண்டும் தொடங்கியது. நல்ல திட்டம், ஆனால் அதைப் பெறுபவர்கள் சிலரே.

உதவித்தொகைப் பிரிவில் பணியாற்றும் வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த ஆண்டறிக்கையில் வழங்கிய தொகைக்குப் பக்கத்திலேயே, கட்டணம் கட்ட முடியாமல் பெயர் நீக்கப்பட்ட மாணவர்கள் எத்தனை பேர், ஒவ்வொருவரும் எவ்வளவு பாக்கி வைத்திருந்தார் என்பதையும் அச்சிடுங்கள். இனிமேல் பெயரை நீக்குவதற்கு முன், பாக்கி வைத்திருப்பவர்களின் பட்டியலை அவசர நிதிப் பொறுப்பாளரிடம் கொடுங்கள்.