துக்ளக்கை எழுதிய நடிகர்

சோ ராமசாமி (1934–2016) தொழிலால் வழக்கறிஞர். 1950களில் அமெச்சூர் மேடையில் நடிக்கத் தொடங்கினார். பட்டு எழுதிய ‘பெற்றால்தான் பிள்ளையா’ நாடகம் பீம்சிங் இயக்கத்தில் ‘பார் மகளே பார்’ (1963) என்று படமானபோது, மெக்கானிக் மாடசாமியாக மெட்ராஸ் பாஷை பேசித் திரைக்கு வந்தார். பிறகு சுமார் 200 படங்கள். பெரும்பாலும் காமெடி டிராக்தான்; அவற்றில் பலவற்றை இன்று யாரும் தேடிப் பார்ப்பதில்லை.

நாடகாசிரியர் சோவின் கதை வேறு. விவேகா ஃபைன் ஆர்ட்ஸ் குழுவுக்காக எழுதியவற்றில் ‘முகமது பின் துக்ளக்’ (1968) தலையாயது. இதே சுல்தானை கிரீஷ் கர்னாட் 1964இல் கன்னடத்தில் சரித்திர சோகமாக எழுதியிருந்தார். சோவோ அவரைக் கல்லறையிலிருந்து எழுப்பி, பயணி இப்ன் பதூதாவோடு டெல்லி அரசியலில் இறக்கிவிட்டார். பிரதமராகும் துக்ளக் லஞ்சத்தைச் சட்டபூர்வமாக்குகிறார். கட்சி மாறி வந்த எம்.பி.க்களுக்கெல்லாம் துணைப் பிரதமர் பதவி தருகிறார், பாரசீகத்தை ஆட்சிமொழியாக்குகிறார். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின் சூடு ஆறாத ஊரில் அந்தக் கடைசி உத்தரவு எப்படி எடுபட்டிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

சிரிப்பை ஒரே வரியில் முடிக்கும் பழக்கம் நகைச்சுவை நடிகருடையது. அந்த வரிகளை அடுக்கி அடுக்கி, சிரிக்க முடியாத இடத்துக்குக் கொண்டுபோனது நாடகாசிரியரின் வேலை. துக்ளக்கும் பதூதாவும் போலிகள். மக்களுக்குப் பாடம் புகட்ட வேஷம் கட்டியவர்கள். ஆனால் பதவி ருசித்த துக்ளக் வேஷத்தைக் கலைக்க மறுக்கிறான். உண்மையைச் சொல்ல வந்த பதூதாவைக் கூட்டத்தை ஏவியே கொல்கிறான். 1971இல் நாடகத்தைச் சோவே இயக்கிப் படமாக்கினார். ஆனாலும் மேடையில் அரங்கத்தினரே அந்தக் கூட்டமாகிவிடுவதால் இந்த முடிவுக்கு மேடையே பொருத்தம்.

நாடகப் பிரதியைக் காவல்துறைக்குக் காட்டி அனுமதி வாங்க வேண்டியிருந்த காலம் அது. அதற்கு அடிப்படையான 1954ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவுகள் செல்லாதென்று சென்னை உயர் நீதிமன்றம் 2013இல்தான் தீர்ப்பளித்தது.

இன்று சென்னைப் புறநகரில் காட்டுப்பாக்கம், பூந்தமல்லி, ஆவடி பக்கம் குழு நடத்துவோருக்குக் கல்யாண மண்டபமோ பள்ளிக்கூட மேடையோதான் கைக்கு எட்டும். சில நாற்காலிகளும் பின்திரையும் இருந்தால் ‘துக்ளக்’ அங்கேயும் நிற்கும். உரிமை பெற்று எடுத்து நடத்துவோர் மொட்டைத் தலையும் சோவின் குரலும் கொண்டவரைத் தேடி அலைய வேண்டாம். பதூதாவுக்கு நல்ல நடிகரைப் போடட்டும். கடைசிக் காட்சி அவரை நம்பித்தான் இருக்கிறது.